ஓடைப் பூச்சியும் ஏட்டுப் பாடமும்

அருகிவரும் உயிர்களைப் பற்றிப் பேசுங்கால் நம் மனக்கண்முன் முதற்கண் தோன்றுவன புலியும் யானையும் போன்ற பேருயிர்களே. அவற்றின் உருவம் பெரிது, அழகு வெளிப்படை, அவை குறைவதும் வெளிப்படை. ஆனால், அரையங்குல நீளமும் இல்லாத ஒரு பூச்சி, மக்கள் கால் படுதலரிய மலைச் சாரலில், பனியுருகி ஓடும் நீரின் கல்லடியில் தோன்றி வளர்ந்து மறைந்து போமாயின், மறைந்ததென்று அறிவார் யார்? அறிந்த பின்னும் அதற்கு இரங்குவார் யார்? இவ்விரு வினாக்களுள் பின்னையது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. முன்னையது அறிவைப் பொறுத்தது. அறிவின் துணை பெறாத இரக்கம், எதற்கு இரங்குவதென்று தெரியாது தடுமாறும். ஆதலின், அருகிய மலையோடைப் பூச்சிகளை ஆராய்தற்கு இக்கால அறிஞர் கைக்கொண்டுள்ள மரபணுக் குறி என்னும் கருவியைக் குறித்தும், அக்கருவி பயன்பட வேண்டின் நாம் பேண வேண்டுவது யாது என்பது குறித்தும் என் கருத்தை ஈண்டு எழுதத் துணிகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இத்துறையில் வேலை என்னையென வினவுவார் உளராயின், அதற்கு விடை இக்கட்டுரையின் இடையே தானே விளங்கும்.

பொதுவாகப் பேசுவதினும் ஓர் இடத்தையும் ஈருயிரையும் எடுத்துக்கொண்டு பேசுதல் நலம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கே, கனடாவின் எல்லையை அடுத்து, மொன்டானா என்னும் மாநிலம் உளது. அங்கே ராக்கி மலைத்தொடரின்கண் 1910-ஆம் ஆண்டில் கிளேசியர் தேசியப் பூங்கா நிறுவப்பெற்றது. கிளேசியர் என்பது பனியாறு. பல்லாண்டு பெய்த பனி இறுகிப் பாளமாகித் தன் பாரத்தாலேயே மெல்ல நகர்வதனைப் பனியாறு என்பர். 1850-ஆம் ஆண்டளவில் இப்பகுதியில் ஏறக்குறைய 150 பனியாறுகள் இருந்தன. 2015-ஆம் ஆண்டின் நிலையை அளந்தபோது, பனியாறு எனக் கொள்ளுதற்கு வேண்டும் 25 ஏக்கர்ப் பரப்பினை உடையனவாய் எஞ்சிநின்ற பெயர் பெற்ற பனியாறுகள் 26 மட்டுமே. உலகின் வெப்பம் ஏறுந்தோறும் அவை சுருங்கி வருகின்றன.

இப்பனியாறுகளின் அடியினின்றும் புறப்படும் தண்ணிய ஓடைகளில் வாழ்வன, ஆங்கிலத்தில் ஸ்டோன்பிளை எனப்படும் பூச்சிகள். இளமைப் பருவம் முழுவதும் நீரினடியிற் கற்களைப் பற்றிக்கொண்டு கழிதலின், நாம் அவற்றைக் கல்லீ எனலாம். தண்ணிய நீரும் அந்நீரிற் கலந்த மிக்க பிராணவாயுவும் அவற்றிற்கு இன்றியமையாதன. முதிர்ந்து சிறகு பெற்ற பின்னரும் அவை நெடுந்தூரம் பறக்க வல்லன அல்ல. ஆகவே ஓர் ஓடையில் வாழும் கூட்டத்திற்கு அடுத்த பள்ளத்தாக்கின் ஓடை மற்றொரு நாடு போன்றதாம். இவற்றுள் லெட்னியா டுமானா என்பதனை 1952-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் வில்லியம் ரிக்கர் முதன்முதல் விவரித்தார். ஸபாடா கிளேசியர் என்பது 1971-ஆம் ஆண்டில் விவரிக்கப்பெற்றது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இவ்விரண்டனையும், அழிவை நோக்கிச் செல்லும் உயிர்களைக் காக்கும் சட்டத்தின்கீழ்ச் சேர்த்தது.

நிற்க. ஓர் உயிரைச் சட்டத்தால் காத்தற்கு முன்னர், இன்ன உயிர் இதுவென்று சுட்டிக்காட்டுதல் வேண்டும். ஈண்டுத்தான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. கல்லீயின் இனங்களை வேறு பிரித்தறிதற்குரிய அடையாளங்கள் பெரும்பாலும் முதிர்ந்த பூச்சியின், சிறப்பாக ஆண் பூச்சியின், கடைக்குறுக்குகளிலேயே அமைந்துள்ளன. முதிர்ந்த பூச்சியோ கோடையிற் சில வாரங்களே வெளிப்படுவது. அக்காலத்தும் மலைவழிகள் பனியால் மூடப்பட்டிருத்தல் உண்டு. எனவே ஆராய்வோர் கைக்கு எளிதில் அகப்படுவன நீரிலுள்ள இளம்பூச்சிகளே. ஸபாடா என்னும் பேரினத்துள் அப்பூங்காவில் மட்டும் ஏழு இனங்கள் உள. அவ்வேழனுட் சிலவற்றின் இளம்பூச்சிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோற்றும். ஆகவே ஓடையொன்றில் நூறு இளம்பூச்சிகளைக் கண்டவரும், அருகிய இனம் அவற்றுள் உண்டோ இன்றோ என உறுதி கூற இயலாதிருந்தனர்.

இவ்விடரைத் தீர்க்க வந்தது மரபணுக் குறி. உயிரின் ஒவ்வோர் அணுவறையிலும் டி.என்.ஏ. என வழங்கும் மரபிழை உளது. அதில் நால்வகைப் பொருள்கள், நான்கே எழுத்துக்களைக் கொண்டு எழுதிய நெடுநூலைப் போல, வரிசையாக அமைந்துள்ளன. பெற்றோரிடமிருந்து மக்களுக்கு இவ்வெழுத்துவரிசை படியெடுக்கப்படும்போது, எப்போதேனும் ஓரிடத்தில் ஓரெழுத்து மாறுவதுண்டு. மாறிய எழுத்து பின்வரும் வழித்தோன்றல்கட்கெல்லாம் செல்லும். மரபிழையின் ஒரு பகுதியிலுள்ள இத்தகைய வேறுபாடுகள் ஒரு குடியை மற்றொரு குடியினின்றும் பிரித்துக் காட்ட உதவுங்கால் அப்பகுதியை மரபணுக் குறி என்பர். அணுவறையினுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு ஒன்றுண்டு. அதற்கு உரிய மரபிழை தாய்வழியே மட்டும் வருவது. அதிலுள்ள 650 எழுத்தளவான ஒரு பகுதியை, கடைச்சரக்கின்மேல் அச்சிடும் பார்கோடு போல, விலங்கினங்களின் பெயரறியும் அடையாளமாகக் கொள்ளலாம் என்று கனடாவின் கெல்ப் பல்கலைக்கழகத்துப் பால் ஹீபர்ட் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2003-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். பூச்சியின் கால் ஒன்று கிடைத்தாற் போதும். அதிலுள்ள மரபிழையின் ஒரு பகுதியைப் பன்மடங்காகப் பெருக்கும் முறையினைக் காரி மல்லிஸ் 1983-ஆம் ஆண்டிற் கண்டு, அதன் பொருட்டு 1993-இல் நோபெல் பரிசு பெற்றார். பெருக்கிய பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து, முன்னரே பெயர் அறியப்பட்ட முதிர்பூச்சியின் எழுத்துக்களோடு ஒப்பிட்டால், பெயரறியாத இளம்பூச்சி இன்ன இனத்தது என்பது புலப்படும்.

இம்முறையாற் கண்டது யாது? ஸபாடா கிளேசியர் முன்னர் வாழ்ந்ததெனக் குறிக்கப்பெற்ற ஆறு ஓடைகளையும் ஆராய்வோர் மீண்டும் சென்று நாடினர். முதிர்பூச்சிகளை உருவத்தாலும் இளம்பூச்சிகளை மரபணுக் குறியாலும் அறிந்து, 2015-ஆம் ஆண்டில் தம் முடிபினை வெளியிட்டனர். ஆறு ஓடைகளுள் ஒன்றில் மட்டுமே அது எஞ்சியிருந்தது. புதியவாய் இரண்டு இடங்களிற் காணப்பெற்றது. நீர் வெம்மையுறப் பனியும் குறைய, அப்பூச்சி உயர்ந்த தண்ணிய இடங்களை நோக்கி ஒதுங்கியது என்பது அவர் கருத்து. பின்னர் இதே குறியின் துணையால் அப்பூங்காவிற்கு அப்பாலும், வயோமிங் மாநிலத்துக் கிராண்ட் டீட்டன் மலைகள் முதலியவற்றில், அவ்வினம் உண்டென்பது தெரியவந்தது. ஒரு கருவி இழப்பையும் காட்டுகின்றது, இருப்பையும் காட்டுகின்றது. அதன் நடுநிலைமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, தமிழ் பயில்வோர் இதனை எளிதில் உணர்தற்கு ஓர் ஒப்புமை கூறுவேன். ஓலைச்சுவடிகளை ஆராய்ந்து நூல்களை அச்சேற்றிய பெரியோர் கையாண்ட முறையை நாம் அறிவோம். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை உரையுடன் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் கண்டார்கள். ஏடெழுதுவோன் ஒருவன் ஓரெழுத்தை மாற்றி எழுதினால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகளெல்லாம் அம்மாற்றத்தைத் தாங்கி நிற்கும். அதனாலேயே இன்ன ஏடும் இன்ன ஏடும் ஒரு தாயேட்டின் வழிவந்தன என்று துணியலாகின்றது. பூச்சியின் மரபிழையும் இவ்வகை ஏடே. எழுத்து மாற்றம் பாடபேதமே. ஓர் ஓடையின் பூச்சிகளும் மற்றோர் ஓடையின் பூச்சிகளும் ஒரே பாடத்தை உடையனவாயின் அவற்றிடையே அண்மைக் காலத்திற் போக்குவரவு இருந்திருக்கலாம். வெவ்வேறு பாடங்களை உடையனவாயின், அவை நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தன என்று கொள்ளலாம்.

இவ்வொப்புமை மற்றொரு பெரிய செய்திக்கு நம்மை இட்டுச்செல்லும். ஒரு நூல் முற்றும் அழிவதற்கு முன்னரே அதன் பாடங்கள் ஒவ்வொன்றாய் அழிகின்றன. நூறு ஏடுகள் இருந்த நூலுக்குப் பத்தே ஏடுகள் எஞ்சினால், நூல் உளது என்று நாம் அமைதியுறலாம். ஆயினும் அழிந்த தொண்ணூற்றுள் இருந்த நல்ல பாடம் ஒன்று மீளாதொழிந்திருக்கும். உயிர்களிடத்தும் இதுவே நிகழ்கின்றது என்பதனை லெட்னியா டுமானாவைப் பற்றி 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. பத்தாண்டுக்கு முற்பட்ட பழைய மாதிரிகளும் 2010-ஆம் ஆண்டிற் பிடித்தனவுமாக 116 பூச்சிகளில், தாய்வழி மரபிழையின் 1530 எழுத்துக்களை அவ்வறிஞர் படித்தனர். மிகுதியாக வழங்கிய முதற்பாடம் இருகாலத்தும் இருந்தது. அதற்கடுத்து மிகுதியாக இருந்த இரண்டாம் பாடமோ பழைய மாதிரிகளில் மட்டுமே காணப்பட்டது. 2010-இன் பூச்சிகளில் ஒன்றிலேனும் இல்லை. பாடங்களின் வகை குறைந்திருந்தது. ஓடைக்கு ஓடை பிரிவும் மிகுந்திருந்தது. வேறு இரண்டு அமெரிக்கக் கல்லீ இனங்களோடு ஒப்பிடுங்காலும் இதன் வேறுபாட்டு வளம் குறைவாகவே காணப்பட்டது.

ஓடையருகே நின்று பூச்சிகளை எண்ணியவர் இதனைக் கண்டிருக்க இயலாது. அவர் கண்ணுக்குப் பூச்சிகள் இருந்தன; கல்லைப் புரட்டினால் ஓடின. ஆயினும் உள்ளே ஓர் இழப்பு நிகழ்ந்துவிட்டது. பலவகைப் பாடங்களை உடைய கூட்டம், காலநிலை மாறினும் நோய் வரினும், அவற்றைத் தாங்கவல்ல சிலரையேனும் தன்னுள் உடையதாயிருத்தல் கூடும். ஒரே பாடமாய்ச் சுருங்கிய கூட்டத்திற்கு அவ்வாய்ப்புக் குறைவு. எனவே அழிவு என்பது கடைசிப் பூச்சி இறக்கும் நாளில் நிகழ்வதன்று. அதற்குப் பல்லாண்டு முன்னரே தொடங்குவது. அத்தொடக்கத்தை உயிர் இருக்கும்போதே காட்டவல்லது மரபணுக் குறி. இதன் பொருட்டே இவ்வாராய்ச்சிக்குச் செலவிடும் பொருளும் உழைப்பும் வீணல்ல என்று யான் துணிந்து கூறுகின்றேன்.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவன உள. மக்கள் பசியும் நோயும் தீராதிருக்கப் பூச்சியின் குலமுறை எதற்கு என்பர் ஒருசாரார். பசியும் நோயும் தீர்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மலையுச்சியின் நீர்நிலை மாறுவதை முதலில் உணர்வன இச்சிற்றுயிர்களே. அடிவாரத்தில் வாழ்வோர் குடிப்பது அம்மலை நீரையேயாம். தலைமடையில் நிகழ்வதைக் கடைமடையான் அறிந்துகொள்வது அவனுக்கே நன்மை. மற்றொருசாரார், பனியாறு உருகுவது திண்ணமாயின் எழுத்தெண்ணிப் பயன் யாது என்பர். எல்லா ஓடைகளும் ஒருங்கே வெம்மையுறுவன அல்ல. கற்குவியலால் மூடப்பட்ட பனியினின்று கசியும் ஓடைகள் நெடுங்காலம் தண்மை குன்றாதிருத்தலின், அவை இப்பூச்சிகட்குப் புகலிடமாதல் கூடும் என்று அறிஞர் கருதுகின்றனர். எவ்வோடையில் எப்பாடம் உளது என்று அறிந்தாலன்றோ எதனை முதலிற் காப்பதென்று முடிவு செய்யலாகும்?

ஆயினும் கருவியைப் புகழ்வோர் அதன் எல்லையையும் கூறுதல் கடன். தாய்வழி மரபிழை தாயின் வரலாற்றை மட்டுமே கூறும்; தந்தைவழி வந்த கலப்பை அது மறைத்துவிடும். எனவே அணுவின் கருவிலுள்ள மரபிழையையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். மேலும், எழுத்து வேறுபாடு ஒன்றே ஓருயிர் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்று கூறாது. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், இம்மலைக் கல்லீக்கள் எண்ணியதினும் மிகுந்த வெம்மையைச் சிறிது காலம் தாங்கக்கூடும் என்பது சோதனையாற் புலப்பட்டது. ஆகவே ஒரு சான்றைக் கொண்டே தீர்ப்புக் கூறுதல் தகாது. ஏழினங்களின் பெயரை மரபணுக் குறி கூறிற்று என்றோம். அப்பெயர்களை அதற்குக் கற்பித்தவர் யார்? உருப்பெருக்கியின்கீழ் முதிர்பூச்சியை வைத்து நாட்கணக்காக நோக்கிய பழைய முறை அறிஞரே. குறியைப் படிக்கும் பொறி வந்துவிட்டது, இனி உருவம் நோக்குவார் வேண்டா என்போர், அகராதி அச்சாகிவிட்டது, இனி மொழியறிந்தார் வேண்டா என்பாரை ஒப்பர்.

யான் முதன்மையாகக் கூற விழைவது இனி வருவதே. மேற்கூறிய இரண்டு முடிபுகளும் எதனால் இயன்றன என்று நோக்குக. முதலாவது, பழைய சீட்டினால் இயன்றது. இன்ன ஓடையில், இன்ன நாளில், இன்ன பூச்சி பிடிக்கப்பட்டது என்று முன்னோர் எழுதி வைத்திராவிடின், ஆறில் ஐந்து இழந்தோம் என்று இன்று யாராற் கூறமுடியும்? இரண்டாவது, பழைய உடலினால் இயன்றது. பத்தாண்டுக்கு முன்னர்ப் பிடித்த பூச்சிகளைப் புட்டியில் இட்டுக் காத்திராவிடின், மறைந்த பாடம் ஒன்று இருந்ததென்பதே உலகிற்குத் தெரியாது போயிருக்கும். அவற்றைப் பிடித்தவர் நோக்கம் யாதாயினும், பேணியவர் கைம்மாறு கருதாது பேணினர். பயன் பின்னர் வந்தது. புதிய கருவி எத்துணைக் கூரியதாயினும், பழையவற்றைப் பேணாத நாட்டில் அதற்குப் படிக்க ஏடு இல்லை.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. நம் மேற்குத்தொடர்ச்சி மலையிற் பனியாறு இல்லை. ஆயினும் ஓடைகள் உள, அவற்றின் கல்லடியில் அவ்விடத்திற்கே உரிய சிற்றுயிர்களும் உள. குற்றாலத்தின் பெயரையே தாங்கிய பீட்டர்சுலா கோர்ட்டல்லென்ஸிஸ் என்னும் மேபிளை இனம் 1984-ஆம் ஆண்டில் ஒரு புதிய பேரினமாகவே விவரிக்கப்பெற்றது. அருவியில் நீராடச் செல்லும் நம்மவருள் அப்பூச்சியின் பெயரைக் கேட்டார் எத்துணைப் பேர்? மேபிளைகளும் கல்லீக்களைப் போலவே இளமையை நீரிற் கழிப்பன. முதிர்ந்தபின் மிகச் சில நாட்களே, சில வேளை சில மணிநேரமே, வாழ்வன. ஆகவே மொன்டானாவில் எழுந்த இடர்ப்பாடே ஈண்டும் எழும். அங்கே பயன்பட்ட கருவியே ஈண்டும் பயன்படும்.

கல்லூரிகளின் விலங்கியற் கூடங்களிற் பழைய கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்றலைக் காண்கின்றோம். சில சீட்டிழந்தன, சில நீர்மம் வற்றியன. இடம் போதாதபோது முதலில் வெளியேற்றப்படுவன அவையே. இவற்றின்பால் ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய மாணவர்களும் கருத்துச் செலுத்த வேண்டுமென்பது என் வேண்டுகோள். சீட்டுக்கள் மங்குமுன் அவற்றைப் படியெடுத்து வைத்தல், இடமும் நாளும் மலையின் உயரமும் குறித்தல், புதிதாகச் சேர்ப்பவற்றைத் தூய சாராயத்தில் இட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் ஆகிய இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. பார்மலினில் நெடுநாள் ஊறிய உடலில் மரபிழை சிதைந்து படித்தற்கு அரிதாகிவிடும். செறிந்த சாராயத்தில் அது நன்கு நிலைக்கும். அருகிய இனமாயின் தேவைக்கு மேற் பிடித்தல் தகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. விலங்கியல் மாணவர் உடலைப் பேணுக. தமிழ் மாணவர் சீட்டினைப் பிழையறப் படியெடுக்க உதவுக. ஏடு பெயர்த்தெழுதும் பயிற்சி நமக்கு இல்லாததன்று.

செல்லுக்கும் நீருக்கும் தீயிற்கும் இரையாகிய சுவடிகளை எண்ணி நாம் இன்றும் வருந்துகின்றோம். அவ்வருத்தம் நேர்மையானதாயின், நம் கண்முன்னே எஞ்சியிருக்கும் ஏடுகளிடத்து, அவை ஓலையால் ஆயினவாயினும் உயிரால் ஆயினவாயினும், நம் கடமையைச் செய்தல் வேண்டும். மறைந்த பாடத்தை எவராலும் திரும்ப எழுத இயலாது. இருக்கும் பாடத்தைக் காத்தலோ நம்மால் இயலும். அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக.